ஐந்தரை மணிக்கே வெயில் வரும் ஊர்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போர்ட் பிளேயரை அடுத்த கராச்சர்மாவில், எங்கள் வீட்டு வராந்தாவில்தான் நடந்தது. மழைக்காலம் முடிந்தும் முடியாமலும் இருந்த நேரம். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வயதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழுந்தது.

என் வேலை சாஃப்ட்வேர் சப்போர்ட். சாஃப்ட்வேரை எழுதுகிறவர்கள் எழுதி முடித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார்கள். அது மக்கர் செய்யும்போது வாடிக்கையாளர் கூப்பிட்டுக் கத்துவார் அல்லவா, அந்தக் கத்தலைக் காதில் வாங்கிக்கொண்டே எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடிச் சரிசெய்கிற ஆள் நான். சென்னையில் இருபது வருடத்துக்கு மேல் இதைத்தான் செய்தேன். என் வீட்டுக்காரர் படகு இன்ஜின் மெக்கானிக். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து அந்தமானில் தங்கிவிட்ட குடும்பம் அவருடையது. கல்யாணம் ஆனதும் எனக்காகத் தீவை விட்டுச் சென்னைக்கு வந்து, காசிமேட்டில் பட்டறை போட்டார். பெண்டாட்டி வேலைக்காக ஊரை விட்டுப் போனவன் என்று எங்கள் சொந்தத்தில் இன்னும் அவரைக் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பாரே தவிர, ஒரு நாளும் அதை என்னிடம் குத்திக் காட்டியதில்லை.

பிறகு ஒரு நாள் எங்கள் கம்பெனியில் "மறுசீரமைப்பு" என்று ஒன்று வந்தது. ஒவ்வொருவராக ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர்களைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. சம்பளம் கொஞ்சம் அதிகம், தலைமுடி கொஞ்சம் வெள்ளை. அன்று மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் சாப்பாடு போட்டுக் கொடுத்துவிட்டு, "அப்பம் நம்ம ஊருக்குப் போவமா?" என்றார். இவ்வளவு வருடம் அவர் என் ஊரில் இருந்தார், இனி நான் அவர் ஊரில் இருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. கப்பலேறிவிட்டோம். அவர் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே டாலிகஞ்சில் பட்டறை திறந்தார். கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகு தீவில் நெட் நன்றாகவே இருந்ததால், வீட்டிலிருந்தபடியே ஏதாவது ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்துவிடலாம் என்று நான் தைரியமாக இருந்தேன்.

அந்த தைரியம் நேர்காணல்களில் கரைந்தது. போனில் பேசும்வரை எல்லாம் ஜோராகப் போகும். "எப்போது சேர முடியும்?" என்றுகூடக் கேட்பார்கள். அடுத்தது வீடியோ. என் முகம் திரையில் வந்ததும் அந்தப் பக்கத்து முகத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரியும். கேள்விகள் உடனே வேறாகிவிடும். எந்த வருடம் டிகிரி முடித்தீர்கள் என்று கேட்டுவிட்டு ஒருவன் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான். அவன் உதடு அசைவதே எனக்குத் தெரிந்தது. இன்னொரு பெண், "எங்கள் டீம் ரொம்ப இளமையானது, உங்களுக்கு சங்கடமாக இருக்காதா?" என்று அக்கறையோடு கேட்டாள். எனக்கு என்ன சங்கடம்? நான் என்ன அவர்களோடு கபடியா ஆடப் போகிறேன்?

ஒரு தடவை முடிக்கு டை அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் புழுக்கம் தெரியும்தானே. பாதி நேர்காணலில் வேர்வையோடு சேர்ந்து கறுப்பாக ஒரு கோடு காதோரம் இறங்கியது. துடைத்தால் கன்னமெல்லாம் பூசிக்கொண்டது. அந்த வேலையும் கிடைக்கவில்லை. துடைத்த துண்டும் பாழானது. அதோடு டை பாக்கெட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். பணம் ஒரு பெரிய கஷ்டமாக இல்லை, பட்டறை வருமானத்தில் எங்கள் இருவர் பாடு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இத்தனை வருடம் நன்றாகச் செய்த ஒரு வேலையை இனி உன்னால் முடியாது என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் முடிவு செய்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சமையலறையில் தனியாக நின்று கோபத்தில் அழுதிருக்கிறேன்.

கடைசியில் பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி என்னை எடுத்தது. என் அழகைப் பார்த்து அல்ல. அங்கே ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போயிருந்தான், அவசரத்துக்கு ஆள் தேவைப்பட்டது. சேரும் நாளில் பேசிய பெண் பேச்சுவாக்கில், "ஓகே ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆறு மாதம் தகுதிகாண் பருவம், அதற்குப் பிறகுதான் நிரந்தரம் என்றார்கள். இதைத் தவறவிட்டால் இனி இந்தத் தொழிலில் யாரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு சலவைக் கம்பெனி. சலவை என்றால் சாதாரணச் சலவை இல்லை. ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, போர்வை, நோயாளிகள் உடுத்தும் அங்கி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் வெளுத்து, மடித்து, வண்டிகளில் திருப்பி அனுப்புகிறவர்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை விரிப்பு, எந்த வண்டியில் ஏற்றுவது என்று சொல்வது எங்கள் சாஃப்ட்வேர். அது ஒரு ஆர்டரில் சிக்கிக்கொண்டால் டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இங்கேதான் எங்கள் தீவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னை, பெங்களூர் எல்லாம் இருக்கிற மெயின்லேண்டும் நாங்களும் ஒரே கடிகாரத்தைத்தான் கட்டியிருக்கிறோம், ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. இங்கே ஐந்து மணிக்கெல்லாம் பளபளவென்று விடிந்துவிடும். சாயங்காலம் ஐந்தரைக்கு ஊர் இருட்டிவிடும். அதனால் தீவில் எல்லோரும் நாலு, நாலரைக்கே எழுந்துவிடுவோம். மீன்காரர், பால்காரர், ஆபீஸ் போகிறவர் எல்லோரும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் ஐந்து மணிக்குப் பட்டறைக்குக் கிளம்புவார். அவருக்குச் சாயாவும் டிபனும் கொடுத்துவிட்டு நான் வராந்தா மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. கோழி கூவுகிறபோது எழுந்திருப்பதற்கு யாராவது பாராட்டுப் பத்திரம் கேட்பார்களா?

ஆனால் நமக்கு விடியற்காலை ஐந்து என்றால் ஆஸ்திரேலியாவில் அந்த ஊருக்குக் காலை பத்தரை. அவர்கள் வண்டி ஏற்றுகிற நேரம். சரியாக அப்போதுதான் "இந்த ஆர்டர் சிக்கிக்கொண்டது" என்று செய்திகள் வர ஆரம்பிக்கும். பெங்களூரில் பிள்ளைகள் பத்து மணிக்கு வந்து அதைப் பார்ப்பார்கள். அதற்குள் அங்கே பாதி நாள் போயிருக்கும். நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தச் செய்திகளைப் பார்த்தேன். கண் முன்னால் வந்து நிற்கிறது, எனக்கும் சரிசெய்யத் தெரியும், ஏன் பத்து மணிவரை விட்டுவைக்க வேண்டும்? உடனே சரிசெய்து பதில் போட்டேன். பிறகு தினமும் அதுவே வழக்கமாகிவிட்டது. டீம் முழுவதற்கும் ஒரே பொது மெயில் என்பதால் யார் பதில் போட்டாலும் "சப்போர்ட் டீம்" என்றுதான் போகும், பெயர் இருக்காது. நான் மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன். "இங்கே வெயில் வந்துவிட்டது", மழை நாளில் "இன்றைக்கு வெயிலைக் காணோம்" என்று. சும்மா, ஒரு மனுஷத்தனத்துக்கு.

மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு என் அன்றைய வேலை முடிந்துவிடும். சிக்கல் சாயங்காலம் ஏழு மணிக்கு. தினமும் அந்த நேரத்தில் டீம் முழுவதும் வீடியோவில் கூட வேண்டும் என்பது எங்கள் மேனேஜரின் சட்டம். அவருக்கு முப்பது சொச்சம் வயது, கோயம்புத்தூர்க்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெங்களூரில் அப்போதுதான் விளக்கு போட ஆரம்பித்திருப்பார்கள். பிள்ளைகள் காபியும் கையுமாகக் கலகலவென்று இருப்பார்கள். இங்கே இருட்டி எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும். வராந்தாவில் உட்கார முடியாது, கொசு தூக்கிக்கொண்டு போய்விடும். உள்ளே மங்கலான டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொள்வேன். நாலரைக்கு எழுந்த உடம்பு கொட்டாவியாக விடும். வாயை மூடிக்கொண்டு விட்டாலும் கண் காட்டிக்கொடுத்துவிடும். திரையில் என் கட்டம் மட்டும் சாணி மெழுகியதுபோல இருட்டாக இருக்கும்.

இதற்கிடையில் ஆஸ்திரேலியாக்காரர்களின் புகார்கள் நின்றுபோயின. மேனேஜர் ஒரு நாள் அதைப் படம் போட்டுக் காட்டினார். தான் கொண்டுவந்த ஏழு மணிக் கூட்டம் என்ற புதிய நடைமுறையால்தான் வாடிக்கையாளருக்குத் திருப்தி கூடியிருக்கிறது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். யார் செய்தால் என்ன, நல்லதுதானே நடந்தது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏளா, காலம்பற நீ முழிச்சிருந்து செய்யிதது அவனுவளுக்குத் தெரியவே தெரியாதா? பதாவோ நா, சொல்லேன்! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்றார். அவருக்குக் கோபம் வந்தால் தூத்துக்குடியும் இந்தியும் ஒன்றாகத்தான் வரும்.

"தெரியாமலா இருக்கும்?" என்றேன். தெரியாமல்தான் இருந்தது.

ஆறு மாதம் முடிகிற சமயத்தில் மேனேஜர் தனியாகப் பேசக் கூப்பிட்டார். முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேம். டீம்ல எல்லாரும் இருபத்தஞ்சு, இருபத்தாறுங்க. இந்த வேகத்துக்கு உங்களால ஈடு குடுக்க முடியலையோன்னு தோணுது. சாயங்காலம் பார்த்தா ரொம்ப டயர்டா தெரியறீங்க. மூணு மணிக்கு மேல ஆன்லைன்லயே இருக்கறதில்லைங்க. பத்துலருந்து ஏழுன்னு கணக்குப் பார்த்தா பாதி நாள்தான் வருது."

"நாலரைக்கு எந்திரிச்சு அஞ்சு மணிக்கு வேலைல உக்காந்தவ சாயங்காலம் ஏழு மணிக்குப் பூ மாதிரியா சார் இருப்பேன்?"

"அந்த நேரத்துல யாரும் உங்களை வேலை பார்க்கச் சொல்லலைங்களே. சிஸ்டத்துல அது வராதுங்க."

நான் காலையில் செய்வதையெல்லாம் விளக்கப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் முடிவை எடுத்துவிட்டுத்தான் பேச வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கேட்பவர் தலையை ஆட்டுகிற விதத்திலேயே அது தெரிந்துவிடும். "உங்க வயசுக்கு நீங்க இவ்வளவு செய்யறதே பெரிசுங்க" என்று வேறு சொன்னார். பாராட்டுகிறாராம். மாதக் கடைசியோடு வேலையை ஒப்படைத்துவிடச் சொன்னார். அதுவரை ஆபீஸ் நேரத்துக்கு வெளியே எதையும் தொடக்கூடாது, அது விதிமுறைக்கு விரோதம் என்றார். போனை வைத்த பத்து நிமிடத்தில் அதை மெயிலாகவும் அனுப்பிவிட்டார்.

அன்று நான் அழவில்லை. வீட்டைப் பெருக்கினேன், சுத்தமாக இருந்த இடத்தையும் பெருக்கினேன். என் வீட்டுக்காரர் வந்து மெயிலைப் படித்தார். படித்துவிட்டு, "டீக் ஹை, சரி. தொடாதன்னு எழுதிக் குடுத்துட்டான்லா. அப்பம் தொடாத. ஒரு விரலு படக் கூடாது" என்றார்.

சொல்வது சுலபம். மறுநாள் காலை ஐந்து மணிக்குப் போனில் டிங் என்றது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆர்டர் சிக்கியிருந்தது. என்ன கோளாறு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சாயா ஆறுவதற்குள் முடிகிற வேலை. என் கை தானாகவே மேசைப் பக்கம் போனது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த மனுஷர், பேட்டரி நிற்காத என் பழைய கம்ப்யூட்டரின் சார்ஜரைப் பிடுங்கித் தன் ஸ்பானர் பையில் போட்டுக்கொண்டு டாலிகஞ்சுக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்குச் சாயா குடிக்க வந்தபோதுதான் திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நோயாளிக்கு விரிப்பு மாற்ற வேண்டியிருக்கும். என் ரோஷத்துக்கு அவர் என்ன செய்வார்? அதனால் மேனேஜருக்குப் போனிலிருந்தே ஒரு செய்தி போட்டேன். "ஆர்டர் சிக்கியிருக்கிறது, நான் தொடட்டுமா?" அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு, "டீம் பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தது. அடுத்த நாளும் அப்படியே நடந்தது. நான் கேட்டேன். அவர் தூங்கினார். அங்கே வண்டிகள் நின்றன.

அதற்கடுத்த நாள் சாயங்காலக் கூட்டத்தில் மேனேஜரின் முகம் பேயறைந்ததுபோல இருந்தது. சலவைக் கம்பெனியின் முதலாளியம்மாள் உடனே பேச வேண்டும் என்கிறார். தன் வண்டிகள் நிற்கிற நேரத்திலேயே பேச வேண்டுமாம். மறுநாள் நம் நேரம் காலை ஐந்தரை மணிக்கு எல்லோரும் கட்டாயம் வர வேண்டும், கேமரா போட்டிருக்க வேண்டும் என்றார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. அந்த வாடிக்கையாளர் போனால் பாதிக் கம்பெனி போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள், "அஞ்சரையா!" என்று அலறினார்கள். எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, கட்டுப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை குளித்து, நல்ல புடவை ஒன்றை உடுத்திக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். ராத்திரி பெய்த மழையில் ஊரே கழுவி விட்டதுபோல இருந்தது. வெயில் நேராக என் மேசை மேல் விழுந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பட்டறைக்குப் போகாமல், ஏதோ ஒரு கார்புரேட்டரைத் துடைக்கிற சாக்கில் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

திரையில் ஒவ்வொரு கட்டமாகத் திறந்தது. பெங்களூரில் இன்னும் விடியவே இல்லை. எல்லோருக்கும் பின்னால் கறுப்பு ஜன்னல். ஒருவன் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். ஒரு பெண்ணின் கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே இருந்தது. கொட்டாவி ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது. மேனேஜரின் மேசை விளக்கு அவர் தாடையை மட்டும் காட்டியது. அத்தனை இருட்டுக் கட்டங்களுக்கு நடுவே வெளிச்சமாக இருந்தது என் ஒரு முகம்தான். நரைத்த தலை, கண்ணாடி, கன்னத்தின் சுருக்கம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஜென்மத்தில் முதல் தடவையாக என் முகத்தை வீடியோவில் பார்க்க எனக்கே பிடித்திருந்தது.

அந்த முதலாளியம்மாள் வந்தார். அவருக்கு என்னைவிடக் கூடவே வயது இருக்கும். தலை பஞ்சு மாதிரி வெள்ளை. வந்ததும் வணக்கம், நலமா எல்லாம் இல்லை. ஆறு மாதமாக எங்கள் காலைப் பிரச்சினைகளை உடனுக்குடன் தீர்த்துக்கொண்டிருந்தீர்கள், மூன்று நாளாக யாரையும் காணோம், என்ன ஆயிற்று என்று கேட்டார். மேனேஜர் தன் புதிய நடைமுறையைப் பற்றி ஆரம்பித்தார். அந்த அம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினார். நடைமுறை எல்லாம் எனக்கு வேண்டாம், தினமும் காலையில் எனக்குப் பதில் போட்டு, கடைசியில் வெயில் வந்துவிட்டது என்று எழுதுவாரே, அவர் எங்கே என்றார்.

மேனேஜருக்கு அந்த வெயில் வரியே புதிது. மெயிலை அவர் படித்திருந்தால்தானே. எனக்குப் பதில் வாய் வரைக்கும் வந்தது, ஆனால் நானே கையைத் தூக்கி "நான்தான்" என்று சொல்ல என்னமோ கூச்சமாக இருந்தது.

அந்த அம்மாள் தன் திரையை உற்றுப் பார்த்தார். கறுப்பு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து வந்து என் கட்டத்தில் நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு பரவியதை நான் பார்த்தேன். "நீங்கள்தானே? உங்களிடம் மட்டும்தான் வெயில் இருக்கிறது" என்றார்.

வாசல் படியிலிருந்து, "சாபாஷ்!" என்று ஒரு குரல் கேட்டது. நல்லவேளை, மைக்கில் விழவில்லை.

ஆமாம் என்றேன். பிறகு ஏன் மூன்று நாளாக எழுதவில்லை என்று கேட்டார். மேனேஜரின் தாடை அப்படியே நின்றுவிட்டதைக் கவனித்தேன். அந்த நேரம் நான் என்ன சொன்னாலும் அவர் பாடு திண்டாட்டம்தான். மனசுக்குள் நாலு நாளாக வைத்திருந்த வசனம் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஆனால் அங்கே வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. "அதை நாங்கள் பிறகு பேசிக்கொள்கிறோம். இப்போது எந்த ஆர்டர் நிற்கிறது?" என்று கேட்டேன். அவர் சொன்னார்.

நான் மேனேஜரைக் கூப்பிட்டேன். தமிழில்தான் கேட்டேன்.

"சார், தொடலாமா?"

"தொடுங்க மேம்... ப்ளீஸ்."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க வேலையைத் தொடங்கினேன். ஒரு ஆஸ்பத்திரி ஒரே ஆர்டரை இரண்டு தடவை அனுப்பியிருந்தது. இரண்டாவதை விலக்கிவிட்டு வரிசையைத் திறந்துவிட்டேன். அந்த அம்மாள் திரும்பி யாரிடமோ ஏதோ கேட்டார். அவருக்குப் பின்னால், கண்ணாடிக்கு வெளியே, ஒரு வெள்ளை வண்டி மெதுவாக நகர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கேயோ ஒரு ஊரில் சலவைத் துணி வண்டி நகர்ந்ததற்கு அழுத ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

அந்த அம்மாள் சுருக்கமாக முடித்தார். ஒப்பந்தம் தொடரும், ஆனால் எங்கள் காலை நேரத்தில் இவர் இருக்க வேண்டும், இவருக்குத் துணைக்கு ஆளும் வேண்டும் என்றார். கட்டங்கள் ஒவ்வொன்றாக மூடின. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் எட்டிப் பார்த்து, விடிந்ததும் விடியாததுமாக யாரோடு சண்டை என்று இந்தியில் கேட்டார். "சண்டை இல்லை, ஜெயித்துவிட்டேன்" என்று இந்தியிலேயே சொன்னேன். எதை ஜெயித்தேன் என்று தெரியாமலேயே அவரும் கை தட்டினார்.

பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். மன்னிப்பு கேட்டார். மனசாரக் கேட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். "எங்கம்மாவுக்கும் உங்க வயசுதாங்க, அதான் உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு..." என்று இழுத்தார்.

"சார், உங்கம்மாவ வீட்டுல பாத்துக்கோங்க. இங்க நான் உங்க டீம்ல ஒரு ஆளு. செய்ற வேலையப் பாருங்க. முடியலன்னா நானே சொல்றேன்" என்றேன்.

பிறகு என் நிபந்தனைகளைச் சொன்னேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு தெம்பு வந்தது என்று தெரியவில்லை. வேலை நிரந்தரமாக வேண்டும். என் நேரம் விடியற்காலை முதல் மத்தியானம் வரை, அது சிஸ்டத்தில் ஏற வேண்டும். ஏழு மணிக் கூட்டத்துக்கு வர மாட்டேன். துணைக்கு எடுக்கிற ஆளை நான்தான் பேசி எடுப்பேன், ஆளை எடுத்து முடிக்கும்வரை பிறந்த தேதியை யாரும் கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றார். இளையவர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குப் போர்வையோடு உட்கார்ந்திருந்த பையனே பிறகு தானாகக் கேட்டுக் காலை வேலைக்கு வந்துவிட்டான், இப்போது ராத்திரி ஒன்பது மணிக்குத் தூங்குகிறானாம். அவன் அம்மா எனக்கு மைசூர்பாகு அனுப்பினார்.

ஆனால் முதல் நேர்காணல்தான் என் மனசில் நிற்கிறது. இங்கே போர்ட் பிளேயரிலேயே ஷாதிபூரிலிருந்து ஒருவர் விண்ணப்பித்திருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், தீவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வருடக்கணக்காக வேலை பார்த்து, இளம் ஆட்கள் வந்ததும் கழற்றி விடப்பட்டவர். வீடியோ திறந்தது. சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பித்தான்வரை பூட்டியிருந்தார். முடி கன்னங்கரேலென்று இருந்தது. காதோரம் ஒரு கறுப்புக் கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கைக்குட்டையைத் தேடினார்.

"மேடம், என் வயசப் பத்தி மொதல்லயே சொல்லிப்புடுறேன், அப்பறம் நீங்க..."

"அது எனக்கு வேண்டாங்க. காலைல எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நாலு, நாலரைக்கு மேடம். இங்கிட்டு எல்லாரும் அப்படித்தானே?"

வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அவருக்குத் தெரிந்தது நிறைய, தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். வந்து சேருங்கள் என்றேன். அவர் சட்டென்று கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார், கொஞ்ச நேரம் வெறும் சுவர்தான் தெரிந்தது. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். கறுப்பெல்லாம் போய், காதோரம் வெள்ளை முடி ஈரமாகப் பளபளத்தது.

என் வேலை எனக்குத் திரும்பக் கிடைத்த நாளைவிட, அந்த முகத்தைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல முடிந்த அந்த நாளில்தான் நான் நிஜமாகவே ஜெயித்தேன் என்று இன்றும் ஒவ்வொரு விடியற்காலையும் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.